பெஞ்சில் இருக்கும் பம்ப்

வியாழக்கிழமை

எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனியின் வரலாற்றில் இன்று காலை ஒரு பெரும் முடிவு எடுக்கப்பட்டது. வாக்கி-டாக்கியில் இனி யாரும் 'அப்', 'டவுன்' சொல்லக் கூடாது. நேரம் மிச்சமாகுமாம்.

சுரங்கத்தின் படித்தட்டுகளை பெஞ்ச் என்போம். தேங்கும் தண்ணீரை இறைக்க மேல் பெஞ்சில் ஒரு பம்ப், கீழ் பெஞ்சில் ஒரு பம்ப். புது என்ஜினீயருக்குத் தமிழ் தெரியாததால் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம். 'பம்ப் அப் ஆன் த பெஞ்ச்' என்றால் மேலே உள்ளது, 'டவுன் ஆன் த பெஞ்ச்' என்றால் கீழே உள்ளது. 'ஆன் த பெஞ்ச்' போதும், முன்னால் வருவது அலங்காரம் என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

மதியம் எங்கள் பம்ப் மெக்கானிக் குமார் கீழ் பம்ப்புக்குள் கையை விட்டு அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். மேல் பம்ப்பைப் போடச் சொல்லி, புது முறைப்படி, "பம்ப் ஆன் த பெஞ்ச், ஸ்டார்ட்" என்றேன். சுவிட்ச் அறையில் இருந்தவர் கீழ் பம்ப்பைப் போட்டார்.

"யோவ், கைய உள்ள வச்சிக்கினு இருக்கேன்யா! எவன்யா போட்டது?"

குமாரின் அலறல் அவர் பக்கத்தில் நின்றவரின் வாக்கி-டாக்கி வழியாக வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். குறுக்கே என்ஜினீயர் நிதானமாகக் கேட்டார்: "விச் பம்ப்?"

காதில் அந்த அலறல் இன்னும் அடங்கவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

குமாருக்கு நாளைக் காலை வலது கையில் ஆபரேஷன்.