சாமித்தட்டில் இருந்த சீடி

அன்புள்ள மாப்பிள்ளை கணேசனுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதியதெல்லாம் உன்னைப் பற்றித்தான். அதையும் பத்திரிகையில், பெயர் போடாமல் எழுதினேன். லுணுகலையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் என் தங்கை புருசன் என்று எழுதினால், அது யார் என்று தெரியாதவர் பதுளை வரைக்கும் இல்லை.

இங்கே பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பதுளை வீதியில் நீ மோட்டார் சைக்கிளோடு விழுந்த குழியை மூடிவிட்டார்கள். பக்கத்தில் வேறொன்று திறந்திருக்கிறது. பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு கொமியூனிகேஷன் வந்திருக்கிறது, அங்கே கலர் பிரிண்டர் இருக்கிறது. கலர்தான் சரியாக வருவதில்லை.

உன் கடையும் இன்னும் திறந்திருக்கிறது. திறந்திருப்பதற்கு நான் காரணமில்லை. மூட இருந்ததற்குத்தான் நான் காரணம். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நீ போன சில மாதங்களில், ஒரு நாள் காலையில் உன் கம்பியூட்டர் நீல நிறமாகி நின்றுவிட்டது. சுற்றியுள்ள தோட்டங்களின் மரண அறிவித்தல், கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. பெயரையும் படத்தையும் மாற்றி அச்சடித்துக் கொடுத்தால் தங்கை மலருக்கு அன்றைய பாடு கழிந்துவிடும். அதுவரைக்கும் நீ செய்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாய்.

பண்டாரவளையிலிருந்து ஆளைக் கூப்பிடப் போவதாக மலர் சொன்னாள். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றேன். அந்த வாரம்தான், குழாயில் வாஷர் மாற்றுவதற்கும் ஆள் தேடும் நம் சமூகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எழுதியதன்படி நடப்பதென்று எப்போதாவதுதான் தீர்மானிப்பேன். அதற்கு அந்த நாள்தானா கிடைத்தது?

உன் மேசை லாச்சியை இழுத்தேன், கம்பியூட்டரைத் திரும்ப ஓடவைக்கும் சீடி ஒன்று இருந்தது. கம்பியூட்டரில் ஓடிக்கொண்டிருந்ததைவிடப் பழையது. புதியதைப் பண்டாரவளைப் பையன்கள் போட்டுவிட்டுப் போனபோது, "இந்தக் கெழட்டு மெசினுக்குப் பழசுதான் ஒத்துக்கும் மச்சான்" என்று நீ முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சீடியை உள்ளே தள்ளினேன்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட ஒப்பந்தம் வந்தது. இந்த உலகத்தில் அதை முழுவதும் வாசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். இரண்டு இடத்தில் வசனம் சரியில்லை என்றுகூட மலரிடம் சொன்னேன். பிறகு, இந்தப் பகுதியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது.

"அண்ணே, அவரு செஞ்சு வச்சதெல்லாம் போயிறாதா?" என்று மலர் கேட்டாள்.

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேல் டிவிசன் முனியாண்டி, தாயின் கருமாதி நோட்டீசுக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவன் நான். போகாது என்று சொல்லிவிட்டு விசையை அழுத்தினேன்.

ஓர் அறை அழிந்தது. அந்தப் பெட்டிக்குள் இரண்டு அறைகள் இருந்தன என்பதும், உன் வேலைகளை எல்லாம் நீ இரண்டாவதில் பத்திரமாக வைத்திருந்தாய் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வேலை முடிந்ததும் திரையில் ஒரு பச்சைக் குன்று தெரிந்தது. ஆள் குடியிருக்கும் லயமும் இல்லை, கொழுந்து பறிக்க ஆளும் இல்லை, ஆனாலும் பச்சையாக இருந்தது. தோட்டத் துரைமார் பார்த்தால் மகிழ்ந்திருப்பார்கள். நானும் மகிழ்ந்தேன்.

மலர் ஒரு மரண அறிவித்தலைத் திறந்தாள். ஆங்கில எழுத்துகளும் கமாவும் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் குவிந்து கிடந்தன. அடுத்ததும் அப்படியே. கல்யாண அழைப்பிதழும் அப்படியே.

"என்னண்ணே இது?"

மாப்பிள்ளை, அந்த இடத்தில் நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன். "எல்லாம் கெட்டுப் போயிருக்கு. ஒம் புருசன் ஒழுங்கா வைக்கல. எப்பவோ கெட்டிருக்கும்."

முனியாண்டி எழுந்தார். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நல்லாத்தானே செஞ்சு குடுத்தாரு" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். பிறகு தாயின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் யாரிடம் சொன்னாரோ, கணேசன் கடையில் எல்லாம் அழிந்துவிட்டதாம், மனிதன் ஒன்றையும் ஒழுங்காக வைக்கவில்லையாம் என்ற கதை எனக்கு முன்னால் சந்தைக்கு வந்து சேர்ந்தது. நான் எழுதிய எதுவும் அவ்வளவு பேரைச் சென்றடைந்ததில்லை.

அதற்குப் பிறகு மலர் போட்டோ கொப்பியும் போன் ரீலோடும் வைத்துக்கொண்டு கடையை இழுத்தாள். ஒரு நாள் நான் உள்ளே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் உன் படத்துக்கு முன்னால் நின்று, "எல்லாத்தயும் அரைகொறையா விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். அன்றிலிருந்து உன் படத்துக்குப் பூ வைப்பதையும் நிறுத்தினாள். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். சீனி போதவில்லை என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வருசம் திரும்பியதும் கடையை விட்டுவிடுவதாக அவள் கட்டிடக்காரரிடம் சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்லவேண்டியிருக்கும்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஆயுத பூசைக்கு நீ கீபோர்டுக்கும் பிரிண்டருக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைப்பாய். அதோடு நின்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். ஒரு சீடிக்கும் குங்குமம் வைத்து, வருசம் முழுக்க வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாய். கடையில் வைத்தால் யாராவது இரவல் கேட்டுக் கீறிவிடுவார்கள், சாமியிடம் யாரும் இரவல் கேட்கமாட்டார்கள் என்றாய். அது என்ன சீடி என்று கேட்டேன். "அது இல்லாட்டி இந்தப் பெட்டி தமிழ் பேசாது மச்சான்" என்றாய்.

நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளையாரிடம் கம்பியூட்டர் படிக்கும் மாப்பிள்ளை என்று ஒரு பத்தியே எழுதினேன். நீ சொன்ன அந்த வாக்கியத்தைக் கடைசி வரியாக வைத்து, வாசகர்கள் சிரிப்பதற்கு இடமும் விட்டிருந்தேன். நீ எனக்கு எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாய், இல்லையா?

சாவு நடந்தால் வருசம் திரும்பும்வரை சாமித்தட்டுக்கு வெள்ளைத் துணி கட்டி, விளக்கேற்றாமல் விடுவது நம் வீட்டு வழக்கம். அதனால் அந்தச் சீடி இருந்த இடம் மலரின் கண்ணில் படவே இல்லை. மூடநம்பிக்கைகளைப் பற்றி நான் எழுதியவற்றை அடுக்கினால் ஒரு தட்டு நிறையும். ஆனால் அந்தத் துணியை ஓரமாகத் தூக்கிப் பார்க்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

உன் வருசத் திவசம் முடிந்து மலர் துணியை அவிழ்த்தாள். படங்களைத் துடைக்கும்போது சீடி கீழே விழுந்தது. எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தபடி, "இது நீங்க பேப்பர்ல எழுதுன சீடிதானே அண்ணே?" என்றாள்.

கடையைத் திறந்து அதைப் போட்டுப் பார்த்தோம். அதற்குள் ஒன்றுமில்லை, தமிழ் எழுத்துருக்கள் மட்டும்தான். பழைய சீடியைப் போட்டபின் இதையும் போடவேண்டும், அவ்வளவுதான். நீ தட்டச்சு செய்த பழைய முறைத் தமிழுக்கு இந்த எழுத்துருக்கள் இல்லாவிட்டால், திரை அதை ஆங்கிலக் குப்பையாகக் காட்டும். மலர் ஓர் அறிவித்தலைத் திறந்தாள். அம்மா என்று வந்தது. அகாலமரணம் என்று வந்தது. எல்லாம் வந்தது.

"ஒழுங்காத்தானே வச்சிருக்காரு" என்றாள் மலர்.

நான் அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். "கம்பியூட்டர் அப்படித்தான். சில நேரம் தானாச் சரியாகும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பூ வாங்கச் சந்தைக்குப் போனாள்.

அவள் போனபிறகு நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். 'மச்சான்' என்று ஒரு கோப்புறை இருந்தது. நான் கையால் எழுதித் தந்து நீ தட்டச்சு செய்து அனுப்பிய பத்திகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பிள்ளையார் பத்தியும் இருந்தது. அதையும் நீதான் தட்டச்சு செய்தாய் என்பது எனக்கு எப்படி மறந்துபோனது? வாசகர்கள் சிரிக்க நான் இடம் விட்டிருந்த அதே வரியில் நீயும் அதே அளவு இடம் விட்டிருந்தாய். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. அன்றைக்கு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதுல கடைப் பேரு போடலாமா மச்சான்? போட்டா நாலு பேரு வருவாங்க." வேண்டாம் என்றேன், நாகரிகம் கருதி.

மலர் கடையை விடவில்லை. இப்போது அவளே இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறாள். முனியாண்டி தாயின் வருச நினைவு நோட்டீசுக்கு வந்து போனார். என்னைக் கண்டு பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். இடம் விட்டாரா, விலகினாரா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தையும் மலர்தான் தட்டச்சு செய்யவேண்டும். எனக்கு வேறு ஆள் இல்லை. நேரில் சொல்ல முடியாததை இப்படிச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். வழக்கமாகத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் பஸ் நிலையப் பக்கம் போய்விடுவேன். இந்த முறை போகமாட்டேன். அவள் 'ஒம் புருசன் ஒழுங்கா வைக்கல' என்ற வரிக்கு வரும்போது, நான் முனியாண்டியின் பெஞ்சில் இருப்பேன். அவள் விரலை நிறுத்திக் கேட்டால், ஆமாம், நான்தான் என்று வாயால் சொல்வேன். கடையில் யார் இருந்தாலும் சொல்வேன். இது சத்தியம், மாப்பிள்ளை.

இந்த முறை பெயரும் போடுகிறேன். லுணுகலையில் அந்தக் கடைக்குக் கணேசன் கொமியூனிகேஷன் என்று பெயர். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

மலரின் அண்ணன்,
நீ மச்சான் என்று கூப்பிட்டவன்.