கெட்டில் சொன்ன உயரம்

நாள் 112 · 08:10 · அடிவார முகாம்

இந்தப் பதிவு யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு: நான் மரகதவல்லி, நில அளவையாளர். செவ்வாயில் பதினான்காம் எண் மலையை அளக்க வந்த இருவரில் ஒருத்தி. இன்னொருவன் இசக்கிராஜ். மூன்று நாள் ஏறி, நேற்று உச்சியில் கூடாரம் போட்டுவிட்டான்.

இங்கே கடல் கிடையாது. பூஜ்யம் நாங்கள் வைத்ததுதான்: என் முகாம் வாசலில் அடித்த இரும்பு முளை. அதிலிருந்து உச்சியின் உயரத்தை மூன்று வழிகளில் பார்க்கிறோம். கீழிருந்து தியோடலைட் என்னும் தொலைநோக்கிக் கருவியில் எடுத்த கோணம், 1,641 மீட்டர். செயற்கைக்கோளின் கதிர், 1,643. மேலும் கீழும் வெளிக்காற்றின் அழுத்த வித்தியாசம், 1,660. இந்தக் கடைசி எண் இசக்கி எடுத்தது, வெளியே வைத்த கருவியைக் கூடாரத்துக்குள்ளிருந்தே வாசித்து. அவசரக்காரன். எதையும் பத்து முறை எடுக்கச் சொல்லித் திட்டினேன்.

நாள் 113 · 09:00

புழுதிப்புயல். கையை நீட்டினால் கை தெரியவில்லை. அடங்கும்வரை அவன் கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

சும்மா இருக்க மாட்டாமல் நான்காவது வழி ஒன்றைப் பிடித்திருக்கிறான். பூமியில் அந்தக் காலத்தில் தண்ணீர் கொதிக்கும் சூட்டை வைத்து மலை உயரத்தைக் கணக்கிட்டார்கள். மேலே போகப் போகக் காற்று குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். எங்கள் கூடாரங்களுக்குள் ஊட்டியில் இருக்கும் அளவுக்குக் காற்று அடைத்திருக்கிறது. டீ கெட்டிலில் வெப்பமானியை விட்டுப் பார்த்தான். 92.6 டிகிரி. பூமிக் கணக்கில் 2,200 மீட்டர்.

"எக்கா, நாம ஊட்டிலதான் இருக்கோம். ஸ்வெட்டர் வாங்கிருவமா?" என்றான் ரேடியோவில்.

மலையைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. பொழுதுபோகட்டும் என்று அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்கினேன்.

நாள் 115 · 09:15

அவன் கெட்டில் நேற்று 90, இன்று 87. கணக்குப்படி 3,900 மீட்டர். என் கெட்டில் 92.6லேயே இருக்கிறது. அவன் கூடாரத்தின் அழுத்தமானியைப் பார்க்கச் சொன்னேன். ஊட்டி அளவு, இம்மி மாற்றமில்லை. ஆக, வெப்பமானி பழுது. ஒத்துப்போகாத அளவைத் தள்ளுவது என் இருபது வருடப் பழக்கம். இரண்டு எண்களின் மேலும் சிவப்புக் கோடு போட்டேன்.

தலைவலிக்கிறது என்றான். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

நாள் 116 · 09:10

82.5. சிவப்புக் கோடு.

1,641ஐ 1,614 என்று எழுதி அனுப்புகிறான். கடிந்துகொண்டேன். சிரித்தான், வெகுநேரம். எனக்கு எரிச்சலாக வந்தது.

நாள் 117 · 10:20

77. கோடு போடப் போனேன். அதற்குள் அவனே சொன்னான்:

"எக்கா, சோறு வேவ மாட்டேங்கு. ஒரு மணி நேரமா கொதிச்சிட்டே கெடக்கு, அரிசி அரிசியாவே இருக்கு."

வெப்பமானி பழுதாகலாம். அரிசி பழுதாகாது.

10:26

கூடாரத்தின் அழுத்தமானியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது. நாலைந்து நாளாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அபாய மணியும் அதோடுதான் இணைத்திருக்கிறது. கூடாரம் கசிகிறது. பூமியில் 6,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவு காற்றைத்தான் அவன் சுவாசிக்கிறான்; தலைவலியும் சிரிப்பும் அதனால்தான். விண் உடையில் எட்டு மணி நேரத்துக்கு ஆக்சிஜன் உண்டு. அதைப் போட்டுவிட்டால் கசிவைத் தேடி ஒட்டலாம். இங்கிருந்து நான் போக மூன்று நாள், அதுவும் புயல் இல்லாவிட்டால்.

10:31

"இசக்கி, விண் உடையைப் போட்டு ஹெல்மெட்டை மாட்டு. இப்பவே."

"மாட்டுதேன்க்கா. பத்து தடவ எடுக்கச் சொன்னீங்கல்லா, ஆறுதான் ஆயிருக்கு."

"அளவு வேண்டாம். ஹெல்மெட்."

"சரிக்கா."

10:50

கையுறை மட்டும் போட்டிருக்கிறான். எதற்குப் போட்டோம் என்று என்னையே கேட்கிறான். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

11:15

ஏழாவது அளவை வாசித்தான். 1,642. இதுவரை அவன் எடுத்ததிலேயே சுத்தமான அளவு. ஹெல்மெட் என்று கத்தினேன்.

11:34

எட்டாவது. 1,642.

11:52

"எக்கா, ஒம்போது" என்றான். எண்ணைச் சொல்லவில்லை.

12:05

அவன் பக்கம் ஒலிவாங்கி திறந்தே இருக்கிறது. கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

12:40

தண்ணீர் வற்றிவிட்டது போலிருக்கிறது.

நாள் 118 · 13:00

புயல். பூமிக்குத் தகவல் அனுப்பினேன். பதில்: "உச்சியில் உள்ளவரின் நிலையை நேரில் உறுதிசெய்யவும்."

அட்டவணையில் சிவப்புக் கோடுகளை அழித்தேன். 92.6, 90, 87, 82.5, 77. படிப்படியாக இறங்குகின்றன. யார் பார்த்தாலும் புரியும். தினமும் பார்த்தவள் நான்.

அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சோறு வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

நாள் 120 · 08:10

புயல் அடங்கிவிட்டது. உச்சி தெரிகிறது. கிளம்புவதற்கு முன் தியோடலைட்டைத் திருப்பினேன். கூடாரம் நிற்கிறது. அவன் அதைப் போட்ட அன்று எடுத்த கோணத்தோடு ஒப்பிட்டால், காற்று போய் அதன் கூரை ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது.

பத்து முறை அளந்தேன். பத்தும் ஒத்துப்போகின்றன.