பெரிய சர்வர் போன வாரம்

18, திங்கள்

காலையிலிருந்து தூறல். பனியன் கம்பெனியில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெரிய சர்வர் செத்தது. யாருக்கு எந்த பிரிண்டர், எந்த ஃபோல்டர் என்று எல்லா கம்ப்யூட்டருக்கும் பாலிசி, அதாவது உத்தரவு, அனுப்புவது அதுதான். போகட்டும், இதற்குத்தானே இரண்டாவது சர்வர் வைத்திருக்கிறோம்.

போய்ப் பார்த்தால் அது அணைந்து கிடக்கிறது. மேலே காய்ந்த சந்தனம், குங்குமம். போன ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் ஓய்வு கொடுக்கச் சொன்னார் முதலாளி. மறுநாள் தையல் மெஷினையெல்லாம் போட்டவர்கள் இதை மட்டும் போடவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

19, செவ்வாய்

இரண்டாவதைப் போட்டேன். அது இன்னும் போன ஆயுத பூஜையிலேயே இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்கள் எல்லாரும் அதில் உண்டு. பிறகு சேர்ந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. கம்ப்யூட்டர்கள் அதை நம்ப மறுக்கின்றன. ஒவ்வொன்றாக நானே போய் அதனுடன் சேர்க்கிறேன். பஞ்சுத் தூசி, ஓயாத தும்மல்.

சேர்த்ததும் பழைய பாலிசி வருகிறது. அதற்குத் தெரிந்தது பழைய பிரிண்டர் மட்டும். அதைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. லேபிள் அடிக்கும் புது பிரிண்டரை நான் கையால் சேர்த்தால், கொஞ்ச நேரத்தில் பாலிசி வந்து அழித்துவிடுகிறது. சனியன்.

பேக்கிங் ஜோதி அக்கா: "ஏனுங்க தம்பி, பொட்டி மேல ஒட்டற லேபிள் எப்பங்க வரும்? வெள்ளிக்கிழமை கன்டெய்னருங்க."

"வந்துரும்க்கா." எனக்கே நம்பிக்கை இல்லை.

20, புதன்

பாலிசியைத் திருத்தப் போனால் செத்த சர்வரைக் கேட்கிறது. அதன் பொறுப்பைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தேன். இப்போது பாலிசி ஃபோல்டரே காலி. நெட்டில் சொன்னதெல்லாம் செய்து பார்த்தாயிற்று. மதியம் சோறு இல்லை. டீ, ஒரு பப்ஸ்.

முதலாளி வந்தார். "நாளைக்குள்ள லேபிள் வல்லீன்னா கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கூப்டுக்கறனுங்க." கத்தியிருந்தால் தேவலை.

வீட்டில் மனைவி எஸ்தர்: "உங்களப் போவச் சொல்லிருவாவளோ?" தூக்கம் வருகிறது என்று திரும்பிப் படுத்தேன். பயமாக இருக்கிறது.

22, வெள்ளி

வெயில். லேபிள் இல்லை. அது ஒட்டாமல் பெட்டியை ஏற்ற முடியாது; கன்டெய்னர் காலியாகத் திரும்பிப் போயிற்று. ஜோதி அக்கா என் பக்கமே பார்க்கவில்லை.

23, சனி

கோவைக்காரர் வந்துவிட்டார். சின்ன வயது. தேய்த்த சட்டை. பழையதையெல்லாம் அழித்துவிட்டு சர்வரை முதலிலிருந்து அமைக்கிறார். முதலாளி என்னிடம், "சார் கூட இருந்து எல்லாஞ் சொல்லிக் குடுத்துருங்க" என்றார். அதற்கு அர்த்தம் புரியாத வயதா எனக்கு?

ஆட்களின் பெயரை நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். அக்கவுண்ட்ஸ், கட்டிங், பேக்கிங். கடைசியாக ஐ.டி. என் பெயரைச் சொன்னேன். அவர் அதைத் தட்டாமல் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "டீ குடிக்கலாமாங்க?" என்றார்.