களம்பூர் லாரியில் ஏறியவள்

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சித்திரைக்கு வரப்போகும் படத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அண்ணி. மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் போன பிறகு வருகிற முதல் சித்திரை இது. புதுப்படம் வருகிறது என்று ஓடிவந்து சொல்ல எனக்கு ஆளில்லை.

எழுபதுகளின் கடைசியில் சேத்துப்பட்டிலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீர்கள். ஆரணியே புதுப்படத்துக்குக் காத்திருக்கும் சித்திரை மாதத்தில், வைகாசி முகூர்த்தப் புடவைகள் நம் வீட்டுத் தறியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த வருஷம் ஜட்காவில் மைக் கட்டிக்கொண்டு போனவன் ஒரு ரோஸ் நோட்டீஸை வீசிவிட்டுப் போனான். அதில் கதைச் சுருக்கம்: தம்பிகளைத் தாயாக வளர்த்த அக்காவை, அவர்களே வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தது.

நீங்களும் தாயில்லாத வீட்டில் இரண்டு தம்பிகளை வளர்த்தவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, தீபாவளிக்குக்கூட அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். அந்த நோட்டீஸ் மட்டும் உங்கள் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. அந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா இரண்டு கண்டிஷன் போட்டாள். "பொடவைய அறுத்துட்டுப் போங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டாண்ட வந்துடணும். இல்லன்னா இனிமே சினிமா பேச்சே கூடாது." வருஷப் பிறப்பன்று மத்தியானம், நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்த கையோடு, தலையைக்கூட வாராமல் என்னை இழுத்துக்கொண்டு மேட்னிக்கு ஓடினீர்கள்.

திரையில், நடுரோட்டில் கொட்டுகிற மழையில் அந்த அக்கா நிற்கிறாள். எதிரே லாரி வெளிச்சம். அதோடு இடைவேளை விட்டார்கள். விட்டது விட்டதுதான். களம்பூர்க் கொட்டகைக்கும் நமக்கும் ஒரே படப்பெட்டி. அங்கே ஓடி முடிந்த ரீல்தான் சைக்கிளில் இங்கே வரவேண்டும். கேட்டால் கேட்காரர், "பொட்டி வந்துகினே கீதும்மா, பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

பக்கத்து பெஞ்சுக்காரம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "அய்யோ, லாரி அவள அடிச்சிடுமா?"

நீங்கள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தீர்கள். "இன்னாத்துக்கு அடிக்கும்? அது களம்பூர் ரைஸ் மில்லு லாரி. டிரைவர் நல்லவரு. ஏத்திக்கினு போயி மில்லுல வேல வாங்கிக் குடுக்கறாரு."

கதை, தறியில் இங்கும் அங்கும் பாயும் நாடா மாதிரி ஓடத் தொடங்கியது. பெண்கள் பக்கம் முழுக்க உங்களைச் சுற்றி நெருக்கிக்கொண்டது. அக்கா நெல் புடைத்தாள், கணக்கு கற்றாள், கடைசியில் மில்லுக்கே முதலாளி ஆனாள். யாரோ கேட்டார்கள்: "தம்பிக்காரனுங்க வந்து கால்ல உழுந்தானுங்களா?"

"உழுந்தானுங்க. அவ முதல்ல எல போட்டு சோறு போட்டா. அவனுங்க துன்னு முடிச்சப்புறம்தான் திட்டனா."

எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே வெயில் சாய்ந்துவிட்டதைப் பார்த்து எழுந்தீர்கள்.

நாம் வாசலைத் தாண்டும்போது எதிரே மணியடித்துக்கொண்டு சைக்கிள் வந்தது. கேரியரில் பெட்டி! நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் வா, ஜல்தி நட. அத்த வெளக்க ஏத்திடுவாங்க" என்றீர்கள். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் முகூர்த்தங்கள் முடிந்த பிறகு அதே படம் திரும்ப வந்தது. தறியிலும் அவசரமில்லை, அம்மாவும் தடுக்கவில்லை. நான் எவ்வளவோ கூப்பிட்டும் நீங்கள் அசையவில்லை. "வேணாம்மா. நான் அவள பொழைக்க வெச்சிருக்கேன். அங்க போயி சாவக் குடுக்கணுமா?" அதற்குப் பிறகு எத்தனையோ சித்திரைப் படங்களுக்குச் சேர்ந்து போனோம். இந்தப் படத்தின் பேச்சை மட்டும் நீங்கள் எடுக்கவே இல்லை.

உங்கள் காரியத்துக்கு இரண்டு தம்பிகளும் வந்திருந்தார்கள், அண்ணி. மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். அவர்களைத் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய் இலை போட்டுப் பரிமாறினேன். திட்டத்தான் எனக்கு வாய் வரவில்லை.

போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, என் மகள் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து போனில் போட்டுக் கொடுத்தாள். இத்தனை காலம் கழித்து மீதியைப் பார்த்தேன். லாரி மோதி அவள் செத்துப்போகிறாள். அப்புறம் கடைசி வரைக்கும் தம்பிகள் போட்டோவுக்கு முன்னால் அழுகிறார்கள், அவ்வளவுதான் கதை.

தப்பாக எடுத்துவிட்டார்கள், அண்ணி.