ஏழாம் இலக்கமும் வலது தோளும்

வில்லரே, மொன்றியல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தனுஷாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் சுகம்தானே என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ சுகமாக இல்லை என்பது இன்று காலை எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விடுகிறேன். ஏன் கடிதம் என்று யோசிப்பாய். தொலைபேசியில் நான் சத்தம் போடுவேன், நீ பிரெஞ்சுக்கு மாறுவாய், இரண்டு நிமிடத்தில் ஒருவர் வைத்துவிடுவோம். எட்டு வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை ஏற்றி இறக்கியது இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமை கையில் கிடைக்கும். வியாழக்கிழமை குழு மருத்துவரின் படிவத்தை நிரப்பவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன் இதை முழுதாக வாசி, இடையில் கோபம் வந்தாலும் வாசி.

இருபது வயதுக்குட்பட்ட கனடா றக்பிக் குழுவில் ஏழாம் இலக்கச் சட்டை உனக்கு என்று வெள்ளிக்கிழமை பட்டியல் வந்ததும் இங்கே நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். நம்முடைய வாட்ஸப் குழுவில் இப்போது நாற்பத்தொரு பேர். இரண்டு வருடத்துக்கு முன் றக்பிப் பந்து உருண்டையா நீளமா என்று தெரியாத சனம் இன்று தெரிவாளர்களுக்குப் புத்தி சொல்கிறது. குழுவை நடத்துகிற சண்முகலிங்கம் அண்ணை பட்டியலை ஐந்து தரம் போட்டார். அம்மா வேலை செய்யும் கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்கு உன் படத்தைக் காட்டினாளாம். நான் எதுவும் போடவில்லை, ஏனென்றால் இந்தச் சட்டை என்னுடைய அட்டவணையால் கிடைத்தது என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கோடையிலிருந்தே ரசிகர்களின் இணையப் பக்கத்தில் ஒரே சண்டை, ஏழாம் இலக்கத்துக்கு நீயா ஜெசிக்காவா என்று. ஜெசிக்கா வேகம், ஜெசிக்காவின் உடம்பு பெரிது, ஜெசிக்கா நல்ல ஃபோர்மில் இருக்கிறாள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஆதாரம் ஒன்றும் இல்லை. எனக்கு அது பொறுக்காது. டவுன்டவுனில் ஒரு லிப்ட் நின்று திருத்தப் போனால் நான் யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்பதில்லை, பதிவை எடுத்துப் பார்ப்பேன். அதேபோல் உன்னுடைய பதினொரு ஆட்டம், அவளுடைய பதினொரு ஆட்டம், எல்லா வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆளை மறித்து விழுத்துகிற ஒவ்வொரு டேக்கிளையும் எண்ணினேன். எந்த நிமிடம், எத்தனை தவறியது, எந்தத் தோள், எழும்ப எத்தனை விநாடி. அதை அட்டவணையாக்கிச் சொந்தப் பெயரிலேயே போட்டேன், நிதுசன், மொன்றியல், தனுஷாவின் தகப்பன் என்று. ஒளித்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. சண்முகலிங்கம் அண்ணை மட்டும் “தம்பி, ஜெசிக்காவின்ர தகப்பனும் இப்பிடி ஒரு அட்டவணை வைச்சிருப்பார், நீர் அதையும் ஒருக்காக் கேட்டுப் பாரும்” என்றார். அவருக்கு றக்பியும் தெரியாது, கணக்கும் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் என்னை மறித்துக்கொண்டே இருந்தார். ‘பழைய முன்வரிசை’ என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். பிள்ளை களைத்திருக்கிறாள், இந்தச் சுற்றுக்கு ஓய்வு கொடுங்கள், ஜெசிக்கா விளையாடட்டும் என்று வாராவாரம் எழுதினார். காரணம் சொல்லமாட்டார். ஜெசிக்காவின் மாமன் மச்சான் யாரோ என்றுதான் நினைத்தேன். மரியாதை இல்லாமல்தான் பதில் எழுதினேன், ஆறு தடவை. கடைசியாக அவருக்கென்றே மூன்றாவது நிரலை எடுத்துக் காட்டினேன். வசந்தகாலத்தில் நீ செய்த நாற்பது டேக்கிளில் முப்பத்தொன்று வலது தோளால். செப்டெம்பருக்குப் பிறகு முப்பத்தேழில் ஆறுதான் வலது. மிச்சம் எல்லாம் இடது. பாருங்கள், சில மாதத்தில் இரண்டு பக்கமும் அடிக்கப் பழகிவிட்டாள், இதைவிட என்ன முன்னேற்றம் வேண்டும் என்று எழுதினேன். நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். அடுத்த வாரம் பட்டியல் வந்தது.

இன்று காலை அந்த ஆள் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவர் கிறகரி. நீ பயிற்சிக்காக லாங்ஃபோர்டில் யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறாயோ அந்தக் கிறகரி. ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் உங்களுக்கும் ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் போட்ட மூன்றாவது நிரலைத் தயவுசெய்து இன்னொரு தரம் பாருங்கள், அவ்வளவுதான் எழுதியிருந்தார். நான் பார்த்தேன். ஒரு லிப்டின் மோட்டார் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது கெட்டித்தனம் பழகிவிட்டது என்று நான் சொல்வேனா? உடனே நிறுத்திப் பழுது எங்கே என்று தேடுவேன். என் சொந்த மகள் வலது தோளைக் காத்துக்கொண்டு செப்டெம்பரிலிருந்து விளையாடியிருக்கிறாள், அதை நானே எண்ணி, நானே எழுதி, நானே ஊருக்கெல்லாம் காட்டி, முன்னேற்றம் என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, “நீங்கள் அவளைப் பாக்கேல்லை, உங்கட கணக்கைத்தான் பாத்தனீங்கள்” என்றாள்.

பிறகு செப்டெம்பர் ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பப் போட்டேன். ஐம்பத்திரண்டாவது நிமிடம் நீ ஒருத்தியை விட்டுவிடுகிறாய். அதற்கு இரண்டு நிமிடத்துக்கு முன்தான் அடிபட்டிருக்கிறது. விழுந்து எழும்பும்போது வலது கையை ஊன்றவில்லை. அன்றைக்கு ஆட்டம் முடிந்து நீ தொலைபேசி எடுத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஏன் விட்டாய் என்பதுதான். நீ அம்மாவிடம் கொடுங்கோ என்றாய். அந்த வலியை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஆனால் கிறகரிக்கு ஏன் சொன்னாய் என்பதுதான் காலையிலிருந்து என்னைக் கடிக்கிறது. பூசி மெழுக எனக்குத் தெரியாது, எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. இன்றைக்கு வந்ததல்ல, நீ அங்கே போன முதல் மாதத்திலிருந்து. நோத்ர-டாம்-த-கிரேஸ் மைதானத்தில் பதினான்கு வயதில் உன் விரல்களுக்கு டேப் சுற்றியது நான். இறுக்கினால் இரத்தம் ஓடாது, தளர்த்தினால் கழன்றுவிடும் என்று என்னுடைய விரலிலேயே ஒரு வாரம் சுற்றிப் பழகினேன். இப்போது நீ போடுகிற படங்களில் அவர் சுற்றுகிறார். விடியற்காலைப் பயிற்சிக்கு அவர் காரில் போகிறாய். அந்த நேர்காணலில் பயிற்சியாளருக்கு நன்றி, தோழிகளுக்கு நன்றி, கிறகரிக்கும் அவருடைய அப்பத்துக்கும் நன்றி என்றாய். எங்களைக் கடைசியில் ‘குடும்பம்’ என்று ஒரு சொல்லில் முடித்தாய். அதை நான் எத்தனை தரம் திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். அந்த மனிதருக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இருபது வயதில் தகப்பனானவன், உன்னோடு சேர்ந்து ஓடிப் பந்து எறிந்தவன். அப்படி இருந்தும் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரிந்தது, அவள் சொல்ல முன்னமே சந்தேகப்பட்டீர்களா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டு எழுதினேன். வாக்கை மீறாமல் ஒன்று சொல்கிறேன் என்று பதில் வந்தது. குசினியில் மேல் தட்டில் இருக்கும் கோப்பையை ஒரு நாள் நீ இடது கையால் எட்டி எடுத்தாயாம். அவ்வளவுதான். பதினொரு ஆட்டமும் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை. எனக்கு அந்தக் கோப்பை மேலேயே கோபம் வந்தது, ஏனென்றால் நான் அந்தக் குசினியில் இல்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தோளோடு நீ இந்தச் சுற்றின் இரண்டு ஆட்டத்தையும் விளையாடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒரு ஸ்கான் எடுத்தால் தெரியும். எடுத்தால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். தூக்கத்தான் செய்வார்கள். சட்டை ஜெசிக்காவுக்குப் போகும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவள் பதினொரு ஆட்டத்தில் ஐந்து டேக்கிள்தான் தவறவிட்டாள், உன்னைவிடக் குறைவு, அதுவும் என் அட்டவணையில்தான் இருந்தது, நான் அந்த வரியை வெளியே போடவில்லை. இன்று பின்னேரம் அந்தப் பக்கத்துக்குப் போய், என் கணிப்புப் பிழை, நிதுசன், என்று மட்டும் எழுதிவிட்டு அட்டவணையை எடுத்துவிட்டேன். காரணம் எழுதவில்லை. அது உன்னுடைய உடம்பு, சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். வாட்ஸப் குழுவில் இனி நாற்பத்தொரு பேரும் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

உன்னை மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல்லி கிறகரிக்கு நாலு வரி எழுதினேன். இந்தக் கடிதம் முழுவதையும்விட அந்த நாலு வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மன்னிப்பும் கேட்டேன். நீ சொன்ன எதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை, அவரோடு கோபிக்காதே. நோவை முதலில் யாரிடம் சொல்கிறாய் என்று இனி நான் கணக்கு வைக்கமாட்டேன். எரிச்சல் இருக்கத்தான் செய்யும், அது என்னோடு இருக்கட்டும். ஆனால் என்னிடமும் சொல். ஐம்பத்திரண்டாவது நிமிடம் என்று தொடங்கமாட்டேன்.

பையை இடது தோளில் போடு. அம்மா நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் தனியாக அனுப்புகிறாள், தோளில் பூசுவது எண்ணெயை மட்டும் என்று சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்கவேண்டும், உன் உடம்பில் ஒரு குறையும் வரக்கூடாது என்று கோயிலுக்குப் போகாத நானே இன்று பார்க்-எக்ஸ் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

மறக்காதே, வியாழக்கிழமைப் படிவம். போன வருடம் வரை அதன் அடியில் பெற்றோர் என்று போட்டு என் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. உனக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது, இந்த முறை அந்தக் கோடு இல்லை. தற்போது எங்காவது வலி உண்டா என்று கேட்டிருப்பார்கள். ஓம் என்று எழுதி, உன் கையெழுத்தைப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நிதுசன்