பூண் இல்லாத உலக்கை

அக்கா,

பூங்காவில் இன்று சோளம் அவிக்கிறார்கள். ஆவணி பிறந்தால் இந்த ஊர்க்காரருக்கு அது ஒரு திருவிழா. யாரோ கரியடுப்பில் வாட்டிய கதிரைத் தீயவிட்டுவிட்டார்கள் போல. அந்த மணம் மூன்றாம் மாடிவரை ஏறி வந்தது. மணந்ததும் என் கண் கதவோரம் நிற்கும் உங்கள் உலக்கைக்குத்தான் போனது. எங்கள் ஊர் உலக்கைக்கு அடியில் இரும்புப் பூண் இருக்கும். உங்களுடையதற்குப் பூண் இல்லை, மேல்முனை பருத்திருக்கும். கனம் மேலே இருந்தால் கைக்கு வேலை குறைவு என்பீர்கள்.

"அக்கா" என்ற ஒரு சொல்தான் நான் உங்களுக்குத் தந்த தமிழ். மற்றபடி நாம் அரைகுறைப் பிரெஞ்சில்தான் கதைத்தோம். ஆனால் நீங்கள் செத்துப்போன பிறகு என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறீர்கள். கோபிக்காதீர்கள்.

கனடாவுக்கு வந்து இந்த மொன்ட்ரியால்-நோருக்குக் குடிவந்த புதிதில், அடுத்த வீட்டில் யாரோ தமிழாட்கள் மா இடிக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலிருந்து வந்த, போனி என்ற பூர்வகுடி இனத்துப் பெண் ஒருத்தி காய்ந்த சோளத்தை மரவுரலில் இடித்துக் கூழ் காய்ச்சுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் பிறகுதான் விளங்கியது. என் புருசன் எனக்கு அடிக்கத் தொடங்கினால் உங்கள் உரல் சத்தமும் தொடங்கும். அவன் என் தலையைச் சுவரில் மோதுவான். நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இடிப்பீர்கள். "விசரி" என்று உங்களையும் சேர்த்துத் திட்டுவான். எனக்கோ அந்தச் சத்தம் ஒரு துணை.

ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் என் வீங்கின கண்ணைப் பார்த்தீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு ஓடப்போகிறேன் என்றேன்.

"நீ ஏன் ஓடுறாய்? வீடு ஆற்றை?"

"என்ரை பேரிலைதான் இருக்கு."

"பேந்தென்ன? எங்கடை ஆக்களுக்கு வீடு பொம்பிளையின்ரை. மண்ணாலை மூடின வட்ட வீடு. ஆம்பிளை சரியில்லையெண்டால் அவன்தான் தாய் வீட்டுக்குப் போகவேணும்."

எங்கள் ஊரிலும் வீடு பெண்ணின் சீதனம்தான், அக்கா. ஆனால் அடிவாங்கிக்கொண்டு அதைவிட்டு இறங்குவதும் பெண்தான். அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் முன்னோரின் பழைய ஊர்க் காலைகளைச் சொன்னீர்கள். காட்டெருமையின் தோளெலும்பில் செய்த மண்வெட்டியோடு பெண்கள் விடிய வயலுக்குப் போவார்களாம். ஒரு கண் சோளத்தில், ஒரு கண் மேட்டில். எதிரி குதிரையில் இறங்கி வருவான். குனிந்து கொத்திக்கொண்டு நின்றவளைக் கொன்றுபோட்டுப் போவான். அடுத்த நாள் அவளுடைய தங்கை அதே இடத்தில் நின்று கொத்துவாள். அவர்களுக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "பயம்தான். ஆனால் சோளம் அவளுகளின்ரை எல்லோ" என்றீர்கள்.

பனி கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வரப் பிந்திவிட்டது என்று தொடங்கினான். கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், என் முகத்தைச் சூடான தோசைக்கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோனான். மகள் மேசைக்கடியில் கிடந்து கத்தினாள். சுவருக்கு அப்பால் இடி கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. அந்த மௌனத்தில் நான் செத்தேன் என்றே நினைத்தேன். கதவு பிளந்தது. உங்கள் உலக்கையின் முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மற்றக் கையால் தோசைக்கல்லைத் தூக்கி உங்கள் புருவத்தில் அடித்தான். இரத்தம் கண்ணை மூடியது. நீங்கள் விழவில்லை. ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே, "இவன்ரை சாமான் எது?" என்று என்னைக் கேட்டீர்கள். அவனுடைய சேர்ட்டுகள், சப்பாத்து, சவரப் பெட்டி எல்லாவற்றையும் வெளிப்படியில் பனிக்குள் எறிந்தேன். கடைசியாக அவனை நீங்கள் தள்ளினீர்கள். பொலிஸ் வந்தது. அவன் லவாலில் இருக்கும் தாயிடம் போனான். அந்தத் தழும்பை நீங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை.

சற்றுமுன், சோளம் மணந்துகொண்டிருக்கும்போதே, கீழ்வீட்டில் சத்தம் கேட்டது. மன்னாரிலிருந்து புருசனோடு புதிதாக வந்த பிள்ளை. நீங்கள் எனக்கு விட்டுப்போன உரலில் இடித்தேன். அடி நிற்கவில்லை. இன்னும் உரக்க இடித்தேன். அவள் கத்துவது நின்றது. அதுதான் என்னை உலக்கையோடு கீழே இறக்கியது.

கதவைத் திறந்தவனுக்கு மூச்சிரைத்தது. பின்னால் அவள் வாயில் இரத்தத்தோடு நிலத்தில் கிடந்தாள்.

"அன்ரி, இது எங்கடை குடும்ப விசயம். போங்கோ."

"வீடு ஆற்றை, தம்பி?"

சிரித்தான். கதவை என்மேல் அடித்துச் சாத்தப் பார்த்தான். உலக்கையை இடையில் விட்டேன். அவன் என் கழுத்தைப் பிடித்தான். உலக்கையை உருவி அவன் கையில் இறக்கினேன்.

பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பிள்ளை தன் வீட்டில், தன் குசினியில், எனக்குத் தேத்தண்ணி வைக்கிறாள். அவனுடைய சப்பாத்தை வெளியே எறிந்ததும் அவள்தான். கனம் மேலேதான் இருந்தது, அக்கா. கைக்கு வேலை குறைவு.