சூசூவுக்கான பேய்ப் படங்கள்

அக்டோபர் 25, சனி. காலையில் தூறல்.

இன்று முதல் ஒரு வாரம் நடந்ததை நடந்தபடியே இங்கே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமானதையும் விடமாட்டேன். ஆகவே முதலில் அதுவே: வயது பதினான்கு. பேய்ப் படம் ஓடினால் இன்னும் அம்மாவின் பர்மா லுங்கி நுனியைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆங்கில டியூஷன். வெள்ளிக்கிழமை ஹாலோவீன் என்றார் ஸயாமா, எங்கள் டீச்சர். வெளிநாட்டுப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பார்களாம். அதைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டும்.

என் தோழி நீலார் இன்றும் வரவில்லை. பத்து நாளாயிற்று. எங்களுக்கு நேர் கீழ் மாடிதான். காரணம், தங்கை சூசூ, ஐந்து வயது. யாரோ உறவுக்காரர் போட்ட பேய்ப் படத்தைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து விளக்கு எரியாத அறைக்குள் கால் வைப்பதில்லை. கரண்ட் போனால் அலறல். அவர்கள் அம்மாவுக்கு ஷ்வேப்யிதாவில் தையல் ஃபாக்டரி வேலை, திரும்ப எட்டு மணி. அப்பா கப்பலில். ஆக நீலார்தான் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

படிக்கட்டில் நீலார் (பேசியது பர்மீஸ், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்): "இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். சரியாகலேன்னா டியூஷனை நிறுத்திடச் சொல்லிட்டாங்க அம்மா."

யோசனை: பயமுறுத்தாத பேய்ப் படம் என்று ஒன்று உண்டா? சின்ன வயதில் எனக்கு மொஹிங்கா மீன் குழம்பில் மிளகாய்ப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பழக்கினார்கள். அதுபோல.

அக். 26, ஞாயிறு. வெயில்.

மாதா கோயில் பூசை முடிந்து லான்மடாவ் கடைத்தெரு. விசிடி வாடகைக் கடை, கடைக்காரர் கோ ச்சோ.

"பயமில்லாத பேய்ப் படம் இருக்கா?"

"முள்ளில்லாத மீன் கேக்கிறியே." தேடி மூன்று எடுத்துக் கொடுத்தார். "பார்த்துட்டு எனக்கும் சொல்லு. நான் பேய்ப் படமே பார்க்கிறதில்ல."

"கடையே வச்சிருக்கீங்களே!"

"வாடகைக்குக் குடுக்கக் கண்ணு எதுக்கு? கை போதும்."

ஆக உலகத்தில் என்னைப் போல் இன்னொருவர். மகிழ்ச்சி.

அம்மா விசிடி தட்டுகளைப் பார்த்துவிட்டாள். "ஒண்ணாந் தேதி எல்லாப் புனிதர் திருநாள். ரெண்டாந் தேதி கல்லறைக்குப் போவணும். அதுக்கு முந்தி ஒனக்குப் பேய் படம் கேக்குதா? சாமியார் கேட்டா என்னடி சொல்லுவே?"

"கட்டுரைக்குன்னு சொல்லுவேன்."

"பொய்யும் சேந்துக்கிச்சா."

பொய் அல்ல, பாதி உண்மை. (சரியாக எழுதினால் கால்.)

அக். 27, திங்கள்.

நாலு மணிக்கு கரண்ட் வந்தது. தெரு முழுக்க "மீ லாபீ! மீ லாபீ!" வந்துவிட்டது வந்துவிட்டது என்று தினமும் இத்தனை சந்தோஷம். வேறு ஊர்களிலும் இப்படிக் கத்துவார்களா?

சோதனை முடிவு:

1. துடைப்பம் ஓட்ட லைசென்ஸ் கிடைக்காத சூனியக்காரி. தேர்வில் ஏழு முறை தோல்வி. நான் கண் மூடியது: 0. குறை: ஒரு பூனை திடீரென்று கத்துகிறது.

2. பல் வைத்தியரிடம் போகும் ரத்தக்காட்டேரி. கண் மூடியது: 2. இரண்டும் ஊசி போடும் இடம்.

3. விலாசம் தொலைத்த பேய். தொப்பி, கையில் பெட்டி. ரொம்ப வருஷம் கழித்து ஊருக்கு வந்து, தன் வீடு எது என்று தெரியாமல் கதவு கதவாகத் தட்டுகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி கதவைத் திறந்து, "காலைத் துடைத்துவிட்டு வா" என்கிறாள். கண் மூடியது: 1. அழுதது: 1.

மூன்றாவதன் இரண்டாம் தட்டில் யாருடைய கல்யாண வீடியோவோ இருந்தது. முழுதும் பார்த்தேன். மாப்பிள்ளை சிரிக்கவே இல்லை. பிறகு ஓடிப்போய் மாற்றி வாங்கினேன்.

கண்டுபிடிப்பு: சத்தத்தை அணைத்துவிட்டால் எதுவுமே பயமாக இல்லை. பயம் கண்ணில் இல்லை, காதில். இத்தனை வருஷம் தவறான இடத்தைப் பொத்தியிருக்கிறேன்.

சூசூவுக்கு மூன்றாவது. பேய்க்கு ஒரு வேலை இருக்கிறது, அது முக்கியம். வேலையில்லாத பேய்தான் பயம்.

அக். 29, புதன். மழை.

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

நாலரை மணி, எங்கள் வீடு. விளக்கு எரிந்தது. சூசூ கன்னம் முழுக்கத் தனாகாப் பூச்சு, நீலார் மடியில். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதல் பாதி நன்றாகவே போயிற்று. கதவு தட்டும் கட்டம் வரும்போது சூசூ முகத்தை அக்காவின் தோளில் புதைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிய வேண்டாம் என்று அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"இப்ப பேய் வரும் பாரும்மா."

"எங்கடி பேய்?"

"பேய், பேய்! அந்தா கதவுகிட்ட!"

சூசூ தலையைத் தூக்கினாள். "பேபே?"

மடியிலிருந்து வழுக்கி இறங்கி, எங்கள் வாசல் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. குதித்தாள். "பேபே லாபீ! பேபே லாபீ!"

பர்மீஸில் பேபே என்றால் அப்பா. பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறேன். இரண்டு வார்த்தையும் ஒன்றுபோலக் கேட்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். படிக்கட்டில் ஈரக் குடை ஒன்று மட்டும். சூசூ கம்பி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். அடுத்த மாடியையும் பார்த்தாள். அழவில்லை.

நீலார் அவளைத் தூக்கிக்கொண்டாள். "வீட்டுல நாங்க அந்த வார்த்தையைச் சொல்றதே இல்ல ரோஸி. சொன்னா இப்படித்தான் வாசல்ல போய் நிப்பா." இறங்கிப் போய்விட்டாள்.

டீவியில் பேய் தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

அக். 30, வியாழன். மேகமூட்டம்.

மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன். மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்தது சூசூ.

"மமா, அந்தப் பேபேக்கு வீடு கிடைச்சுதா?" (மமா என்றால் அக்கா.)

புரிந்தது. அவளுக்கு அது பேயே இல்லை. பெட்டியோடு தூரத்திலிருந்து வந்து, வீடு தெரியாமல் தட்டுகிற யாரோ ஓர் அப்பா. நீலார் பின்னால் நின்று தலையை ஆட்டினாள்: ஆமாம் என்று சொல்லிவிடு.

சொல்லியிருக்கலாம். பயம் போய்விடும், டியூஷன் தப்பிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் யார் பேய் என்றாலும் இவள் வாசலுக்கு ஓடுவாள்.

"சூசூ, எங்க பாஷையில பேய்னா, ஒங்க பாஷையில தசே. பேய் பிசாசு சொல்றோமே, அந்தத் தசே. ஒன் பேபே இல்ல. ஒன் பேபே கப்பல்ல இருக்கார்."

நீலார் என்னைப் பார்த்த பார்வையை எழுத வார்த்தை தெரியவில்லை.

சூசூ கதவிலிருந்து கையை எடுத்தாள். "தசேக்கு வீடு வேணுமா?"

"வேணுமாம்."

"நீங்க ஒங்க பேபேய எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அப்பா."

அதற்குச் சிரித்தாள்.

சாயங்காலம் படிக்கட்டில் நின்று காது கொடுத்தேன். அலறல் இல்லை. ஆனால் கரண்ட் இருந்தது. எனவே எதையும் முடிவு செய்ய முடியாது.

அக். 31, வெள்ளி. வானம் தெளிவு.

கட்டுரை கொடுத்தாயிற்று. ஸயாமா நீலார் பெயர் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். பார்த்தேன்.

ஐந்து மணிக்கு இருவரும் மேலே வந்தார்கள். நீலார் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள்: "முழுசாப் பார்க்கணுமாம். நேத்திலிருந்து உயிரை எடுக்கிறா."

அம்மா சுரைக்காய் பஜ்ஜி போட்டாள். "அவுங்க ஊர்ல பூசணி. நம்ம வீட்டுல சுரைக்கா. இதான் ஒங்க ஹாலோவீனு. தின்னுங்க."

சூசூ மடியில் உட்காரவில்லை. தரையில், தனியாக, டீவிக்கு எதிரே. கதவு தட்டும் கட்டம். அவள் விரலை நீட்டி, தமிழில், "பேய்!"

பிறகு அக்கா பக்கம் திரும்பி விளக்கினாள்: "பேபே இல்ல. பேய். கடைசியில ஒரு 'ய்' இருக்கு."

நீலார் சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்தும்.

சூசூ கண்ணைச் சுருக்கினாள். "மமா, லைட் டீவிக் கண்ணாடியில அடிக்குது. அதோட மூஞ்சி தெரியல." முக்காலியைச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீலார் எழப் போனாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

முக்காலி ஆடிற்று. ஏறினாள். எட்டினாள். சூசூ விளக்கை அணைத்தாள்.